புல்லுக்குப் பிறகுதான் மாடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருஷம் கணக்குப் பார்த்தேன். 2021-ல் அந்த வேலையை விட்டபோது பி.எஃப். பணமும் சேமிப்பும் சேர்ந்து கையில் 3 லட்சம் ரூபாய் இருந்தது. வீட்டுக்காரர் வேலையில் தொடர்ந்தார். வெள்ளகோவில் பக்கம் எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டம் ஒன்றரை ஏக்கர், மேட்டில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு இரண்டு ஏக்கர். அந்த 3 லட்சத்தை வைத்து மாட்டுப் பண்ணை போடுவதென்று முடிவு செய்து ஊருக்கு வந்தேன்.

அன்றைக்கு எழுதிய நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. முதல் வரி: கொட்டகை, 1,40,000. இரும்புக் குழாய், தகரக் கூரை, பத்து மாடு கட்டும் அளவு. இரண்டாம் வரி: கறவை மாடு இரண்டு, 1,30,000. மூன்றாம் வரி: தீவனம், 30,000. கூட்டினால் கச்சிதமாக 3 லட்சம்.

அத்தை, அதாவது என் மாமியார், திண்ணையில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக மூன்று நாலு மாடு வைத்துக் குடும்பத்தை நடத்தியவர். நோட்டை வாசித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அம்மிணி, மாடு வந்து நின்னா அன்னைக்குப் பொழுதோட அதுக்கு என்னத்த அறுத்துப் போடுவ?"

"வாங்கிக்கலாமுங்க அத்தை."

"வாங்கிப் போட்டா பால் காசு பூராத்தையும் கடைக்காரனுக்குத்தான் குடுக்கோணும். மொதல்ல புல்ல நடு. அது வெட்டுக்கு வரட்டும். அப்பறம் மாட்டப் பத்திப் பேசு."

சின்ன முதலில் மாடு வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். எவ்வளவு செலவு செய்கிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் பண்ணை நிற்பதும் சாய்வதும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மூடிக் கிடக்கும் கொட்டகைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். கூரையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சென்ட் புல் கிடையாது.

ஆடியில் உழுது, எரு போட்டு, அரை ஏக்கரில் கோ 5 ரகக் கம்பு நேப்பியர் தீவனப் புல் நட்டோம். நடுகிற தண்டுத் துண்டுக்குக் கரணை என்று பேர். அப்போது ஒன்று ஒரு ரூபாய். இரண்டு கணு உள்ள துண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர் என்று வைத்தால் அரை ஏக்கருக்கு 6,500-க்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். முதல் வெட்டுக்கு 75 நாள் ஆகும். அதன் பிறகு 45 நாளைக்கு ஒரு வெட்டு. வேளாண் பல்கலைக்கழகக் கணக்கில் ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரை வரும் என்பார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பாதிதான் வந்தது. அந்தப் பாதியே நாலு மாட்டுக்குப் போதும். மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 25 கிலோ பச்சை போட்டால் தாராளம்.

புல்லை மட்டும் நம்பவும் கூடாது. நேப்பியரில் சத்து ஒரு அளவுக்குத்தான். பத்து சென்டில் வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனம் விதைத்தோம். அந்த விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால்தான் முளைப்பு ஒழுங்காக வரும். அப்படியே விதைத்துவிட்டு விதை சரியில்லை என்று திட்டுகிறவர்கள் உண்டு. வரப்போரம் அகத்தி. மீதி இடத்தில் சோளம் விதைத்து, அறுத்துக் காயவைத்துத் தட்டாக்கிப் போர் போட்டுக்கொண்டோம். இளஞ்சோளப் பயிரை மட்டும் மாட்டுக்குப் போட்டுவிடக் கூடாது. வாடிய இளம்பயிரில் உள்ள நஞ்சு நின்ற இடத்திலேயே மாட்டைச் சாய்த்துவிடும். பூவெடுத்த பிறகு அறுப்பதுதான் பத்திரம்.

கொறங்காடு எங்கள் சீமைக்கென்று வாய்த்த சொத்து. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். அப்பிச்சி காலத்தில் காங்கயம் மாடுகள் அங்கேயே மேய்ந்து அங்கேயே படுத்தன. கறவை மாட்டை அதில் விட்டு வயிறு நிரப்ப முடியாது. ஆனால் பால் வற்றிய மாட்டுக்கும் வளரும் கிடாரிக்கும் பகலெல்லாம் மேய அது போதும். கோடையில் வெள்வேலங்காய் உதிரும்போது ஓடி ஓடிப் பொறுக்கித் தின்னும். அந்த இரண்டு ஏக்கரைச் சும்மா கிடக்கிற காடென்று என் நோட்டில் நான் எழுதவே இல்லை.

புல் வளர்ந்த அந்த இரண்டரை மாதத்தில் கொட்டகை வேலையை முடித்தோம். பழைய வீட்டைப் பிரித்த பனங்கம்பும் உத்தரமும் கிடந்தன. தென்னங்கீற்றுக் கூரை. நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், அப்போதுதான் உச்சி வெயிலும் சாய்ந்த வெயிலும் உள்ளே விழாது. சுவர் வேண்டியதில்லை. ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு வெக்கைதான் எதிரி. மாட்டுக்கு 4 சதுர மீட்டர் என்று நாலு மாட்டுக்குத் தரை, தீனி போடச் செங்கல் காடி, மூத்திரம் ஓடக் கால்வாய், எல்லாம் சேர்ந்து 45,000. காசை இழுத்துப் பிடிக்கக் கூடாத ஒரே இடம் தரை. கொத்தனார் வீட்டுத் தரை போல வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாடு வந்த இரண்டாம் வாரம் பின்னங்கால் வழுக்கிச் சப்பையோடு உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உளி வைத்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு கொத்தினோம். சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே கயிற்றை அழுத்தி எடுத்திருந்தால் அந்தச் செலவே இல்லை.

மாடு வாங்கும் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை சந்தை. மாமா, அதாவது என் மாமனார், என்னை மூன்று வியாழக்கிழமை அழைத்துப் போனார். மூன்று தடவையும் பணம் எடுத்துக்கொண்டு வரக் கூடாது என்பது அவர் கட்டளை. "கண்ணு பழகோணும். மடியப் பாக்காத, மொதல்ல நடையப் பாரு" என்பார். பல் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கீழ்த்தாடையில் பெரிய பல் இரண்டு இருந்தால் ரெண்டு பல்லு, வயது இரண்டு, இரண்டரை. அப்படியே நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் முளைத்து வரிசை சேர்ந்துவிட்டால் கடை சேர்ந்த மாடு. வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதையும் அங்கேதான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. துண்டு மட்டும் அசையும்.

சந்தை எதுவானாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு வேளை கறக்காமல் விட்டுக் கூட்டி வந்தால் எந்த மடியும் பெரிதாகத்தான் தெரியும். அதனால் முதல் மாட்டைச் சந்தையில் வாங்குவதில்லை என்று மாமா சொல்லிவிட்டார். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈத்து (இரண்டாவது கன்று), ஆறு பல்லு, கன்று போட்டு 15 நாள் என்று தகவல் வந்தது. ஒரு சாயங்காலம் போனோம். முதல் கறவையை மாமா கணக்கிலேயே எடுக்கவில்லை. "இது மடிய காலி பண்றதுக்கு. நாளைக்குக் காலைலயும் சாயங்காலமும் கறக்கறதுதான் கணக்கு" என்றார். அந்த வீட்டம்மா முகம் சுளிக்காமல் எங்களுக்குச் சோறு போட்டுத் திண்ணையில் பாய் விரித்தார். மறுநாள் காலை ஏழு லிட்டர், சாயங்காலம் ஐந்தரை. ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். திரி திரியாக எதுவும் இல்லை, நாலு காம்பும் ஒரே போல் இறங்கியது. 58,000-க்கு முடிந்தது. செந்நிறம் என்பதால் செவலை என்றே கூப்பிட்டோம். கூடவே கிடாரிக் கன்று.

இரண்டாவது மாட்டை அன்றைக்கே வாங்கவில்லை. இரண்டு மாடும் ஒரே சமயத்தில் கன்று போட்டால் ஒரே சமயத்தில் வற்றும். அப்போது இரண்டு மாதம் பால் காசே வராது, வாடிக்கை வீடுகளும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். தை மாதம் ஒரு நிறை சினை மாடு 52,000-க்கு வந்தது. கருப்பி. இரண்டு மாட்டுக்கும் காப்பீடு எடுத்தோம். காதில் அடையாள வில்லை இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் வராது என்பதால், வில்லை கழன்று விழுந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தட்டு வெட்டும் மிஷின் 24,000. அதை வீண் செலவு என்று ஊரில் பலர் சொன்னார்கள். முழுத் தட்டாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதிக்கும். வெட்டிப் போட்டால் காடி துடைத்ததுபோல் இருக்கும்.

புல், கொட்டகை, மாடு, மிஷின், வண்டி வாடகை, பால் கேன் எல்லாம் போக 86,000 மிச்சம் இருந்தது. மூன்றாவது மாடு வாங்கலாம் என்று எனக்கு ஆசை. அத்தை விடவில்லை. அது தபால் ஆபீஸ் கணக்கிலேயே கிடந்தது.

கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் பக்கம் போட்டேன். செவலை 12 லிட்டர் கறந்த நாட்களில் அடர்தீவனம் ஆறு கிலோவுக்கு மேல் வைத்தேன். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. அப்போதைய விலைக்கு ஏறக்குறைய 145 ரூபாய். தட்டு, தாது உப்பு 30 ரூபாய். பால் லிட்டர் 30 என்றால் வரவு 360. என் கையில் நின்றது 185. இதே புல்லைக் கிலோ 3 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அதில் 75 போயிருக்கும். ஈத்து முடிகிற சமயம் 5 லிட்டராகக் குறைந்தபோது வரவு 150, செலவு 110. சொந்தப் புல் இருந்ததால் 40 ரூபாய் நின்றது. விலைக்கு வாங்கியிருந்தால் தினமும் 35 ரூபாய் கை நஷ்டம். அத்தை நோட்டு எதுவும் எழுதாமலேயே சொன்னதை நான் எழுதிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

லிட்டர் 30 என்றேன். அதுவும் உடனே கிடைத்துவிடவில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 32, 2022 நவம்பரில் 35 ஆனது. ஆனால் அறிவிக்கும் விலை கொழுப்பு 4.3, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 8.2 இருக்கும் பாலுக்கு. பால் சொசைட்டியில் மிஷினில் ஊற்றியதும் துண்டுச் சீட்டு வரும். முதல் மாதம் என் சீட்டில் ஃபேட், அதாவது கொழுப்பு, 3.3; எஸ்.என்.எஃப்., அதாவது அந்தத் திடப்பொருள், 7.9. லிட்டருக்கு 27 ரூபாய்தான் விழுந்தது. மிஷின் சரியில்லையோ என்று நினைத்தேன். பின்னால் நின்ற ஒரு அக்கா என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எளம்புல்லா அறுத்துப் போடறீங்களா?" என்று கேட்டார். ஆமாம், 30 நாள் புல்லை ஆசையாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நார் இல்லாத தீனியில் பால் கூடும், கொழுப்பு இறங்கும். புல்லை 45 நாளுக்கு விட்டு, நாலு கிலோ சோளத்தட்டும் வெட்டிக் கலந்தேன். இன்னொன்று அத்தை கண்டுபிடித்தார். நான் கறந்து முடித்துக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கொழுப்பு எல்லாம் பின்பாலில்தான் இறங்கும். கன்றுக்கு அதன் பங்கை முதலிலேயே ஊட்டவிட்டு, மடி சுத்தமாக வற்றும்வரை கறக்கத் தொடங்கினேன். மூன்றாம் வாரம் ஃபேட் 4.1, எஸ்.என்.எஃப். 8.3. நாலு லிட்டரை மட்டும் பக்கத்து வீடுகளுக்கும் ஒரு டீக்கடைக்கும் 45 ரூபாய்க்கு ஊற்றுகிறேன். சின்னப் பண்ணைக்கு அந்த நாலு லிட்டர் பெரிய தாங்கல்.

மாசியில் கருப்பி கன்று போட்டாள். மூன்றாம் ஈத்து. நஞ்சுக்கொடி நேரத்துக்கு விழுந்தது, சீம்பால் நிறைய இறங்கியது, கன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட்டோம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று படுத்தேன். மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் படுத்திருந்தாள். கழுத்தை மடக்கித் தலையை விலாமேல் சாய்த்திருந்தாள். தட்டினேன், எழவில்லை. காதைப் பிடித்தால் ஜில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்துபோயிருந்தது. அத்தை பார்த்ததும், "பால் காய்ச்சல், டாக்டரக் கூப்பிடு" என்றார். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். ரத்தத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எல்லாம் பால் இழுத்துக்கொண்டதால் வருவது.

டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நான் நின்றேன். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று, ஒரு கையால் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டார். பாதிப் பாட்டில் போனபோது அவள் தொடையில் சதை துடித்தது. பிறகு ஒரு ஏப்பம். மூக்கு நுனியில் வேர்வை மொட்டு மொட்டாக அரும்பியது. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். பாட்டில் முடிந்து இருபது நிமிஷத்தில் முன்னங்காலை ஊன்றி, ஆடி, எழுந்து நின்று சாணி போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு முன்பு இவள் போய்விட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காமல் கொஞ்சம் பாலை விட்டுவைக்கும்படி டாக்டர் சொன்னார். நடு ராத்திரியில் வர ஒரு டாக்டர் இருக்கிறாரா, 1962 என்கிற எண்ணுக்கு அழைத்தால் நம் ஊருக்குக் கால்நடை மருத்துவ ஊர்தி எவ்வளவு நேரத்தில் வரும், இவற்றை மாடு வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

86,000 ரூபாய் எதற்கு என்பது அந்த வருஷம்தான் புரிந்தது. செவலை சினை பிடிக்கவில்லை. கன்று போட்ட மூன்றாம் மாதம் சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. 21 நாள் கழித்துப் பருவத்துக்கு வர வேண்டியது எங்கள் கண்ணில் படவே இல்லை. கலப்பு மாடுகளில் சில கத்தாது, சத்தமில்லாமல் வந்து போகும். விடியலில் படுத்திருக்கும்போது கண்ணாடி போல ஒழுக்கு தொங்குகிறதா என்று பார்ப்பது மட்டுமே வழி. காலையில் தெரிந்தால் அன்று சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. ஒரு தடவை தவறினால் 21 நாள் போச்சு. அந்த 21 நாளும் அது தின்னும். தாது உப்பு 50 கிராம் தவறாமல் கொடுத்து, எட்டாம் மாதம் மூன்றாவது ஊசியில்தான் சினை பிடித்தது. பால் 3 லிட்டருக்கு இறங்கியிருந்தது. ஆவணியில் சேமிப்பு 31,000. அந்தப் பணமும் மூன்றாவது மாடாக நின்றிருந்தால் ஒரு மாட்டை விற்று இன்னொரு மாட்டுக்குத் தீனி வாங்கியிருப்பேன். விசாரித்தால், பண்ணையை மூடியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மூடியிருக்கிறார்கள். பால் இல்லாத மாதங்களைக் கணக்கில் எழுதாததுதான் காரணம். மாடு வளர்ப்பவர்களுக்கும் இப்போது கிசான் கடன் அட்டை தருகிறார்கள். தீவனச் செலவுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் வருஷமே கடன் வாங்கிக் கூடுதல் மாடு கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பூசி. சுணங்காமல் போட்டுவிடுங்கள். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கறந்து கழுவிய மடியில் நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை பூசும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஆரம்பத்திலேயே பூசி இரண்டு முறை எனக்குக் கேட்டிருக்கிறது. மடி கல்லாக இறுகிவிட்டால் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

செவலையோடு வந்த அந்தக் கிடாரிக்கு ஐப்பசியில் சினை ஊசி போட்டோம். தை கடைசியில் டாக்டர் கைவிட்டுப் பார்த்து மூணு மாசம் என்றார். ஆடியில் கன்று போடும். கொட்டகையில் நாலாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நேற்றுக் காலை நானும் அத்தையும் வாய்க்கால் ஓரம் இன்னும் 15 சென்ட் ஓட்டிக் கரணை ஊன்றினோம். சித்திரையில் முதல் வெட்டுக்கு வந்துவிடும்.